பதினான்கு மாத இடைவெளி

சுமத்ராவில் சியாந்தார் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் லாம்ரியா அரை மணி நேரமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் அவள் பெயர் இருந்தது. படித்த பள்ளி இருந்தது. அதற்குக் கீழே 'தொலைபேசி' என்று அடித்தவள், அதற்கு மேல் ஒரு எழுத்தும் அடிக்கவில்லை.

கடைக்காரர் ஹொத்மானுக்கு ஐம்பத்தைந்து வயது. அந்த ஊரில் வேலை தேடுகிறவர்களில் பாதிப் பேருக்கு பயோடேட்டா அடித்துக் கொடுப்பது அவர்தான். பழுப்பு உறை, சிவப்புத் துணியைப் பின்னால் கட்டி எடுத்த போட்டோ, ஒட்டுவதற்குப் பசை என்று சகலமும் அவரிடம் உண்டு. வயதில் மூத்த ஆண்களை அந்த ஊரில் அமாங் என்பார்கள். அவருக்கு அதுவே பெயராகிவிட்டது.

"என்னம்மா, சொந்த நம்பரே மறந்துபோச்சா?"

"இல்ல அமாங்."

"அப்ப அடிச்சு முடி. நம்பர் போடாம குடுத்தா உன்ன எப்படிக் கூப்புடுவாங்க? சர்ச் மணி அடிச்சா?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். லாம்ரியாவும் சிரிக்கப் பார்த்தாள். மவுஸ் கையில் வழுக்கியது. அடித்ததையெல்லாம் அழித்துவிட்டு எழுந்தாள்.

"நாளைக்கு வரேன் அமாங்."

இது மூன்றாவது 'நாளைக்கு'.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இப்படியா இருந்தாள்? அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. வணிகப் பள்ளியில் படிப்பை முடித்து, சமையல் எண்ணெய் மொத்த வியாபாரி ஒருவரின் கிடங்கில் நாலு வருஷம் சரக்குப் பொறுப்பில் இருந்தாள். எந்த டின் எந்த அடுக்கில் இருக்கிறது, எது முதலில் போக வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். வியாபாரி இறந்துபோக, மகன்கள் கிடங்கை மூடினார்கள். லாம்ரியா இணையத்தில் வேலை தேடுகிறவர்கள் கூடும் பக்கம் ஒன்றில் தன் பயோடேட்டாவை முழுசாகப் போட்டாள். பிறந்த தேதி, வீட்டு முகவரி, அப்பா பெயர், அம்மா பெயர், இருவரும் காலமானவர்கள், திருமணம் ஆகவில்லை. கடைசி வரியாக, 'எந்த ஊருக்கும் போகத் தயார். உடனே சேரத் தயார்.' எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள்.

இரண்டாம் நாள் ஒரு பெண் கூப்பிட்டாள். பெயர் வான்யா என்றாள். குரல் அவ்வளவு இதமாக இருந்தது. பாங்காக்கில் ஓட்டல் ஒன்றில் அறைப் பதிவு வேலை, தங்க இடம் உண்டு, விமானச் சீட்டு நாங்களே எடுத்துத் தருகிறோம். சீட்டும் வந்தது. விமான நிலையத்தில் ஏற்றிய வண்டி ஊருக்குள் போகாமல் நாள் முழுக்க ஓடியது. ஆற்றங்கரையில் இறக்கிப் படகில் ஏற்றினார்கள். அக்கரை வேறு நாடு. அங்கே நின்ற ஆறு மாடிக் கட்டடத்துக்கு ஜன்னல்தோறும் கம்பி போட்டிருந்தது. பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு கதவைப் பூட்டினார்கள்.

அங்கே அடைத்து வைத்திருந்த மற்றவர்களை, இணையத்தில் முன்பின் தெரியாத ஆட்களிடம் காதல் பேசி ஏமாற்றும் வேலைக்கு உட்கார வைத்தார்கள். லாம்ரியாவுக்குக் கண் வேகம் என்று கண்டுகொண்டு வேறு மேஜை கொடுத்தார்கள். அவள் முன்னால் தினமும் நூறு பயோடேட்டா வந்து விழும். அவள் ஊர்க்காரர்கள், அவள் மொழியில், வேலை வேண்டும் என்று எழுதியவை. அவற்றில் யார் சுலபமாக வருவார்கள் என்று பொறுக்கிக் கொடுக்க வேண்டும்.

மேற்பார்வைக்காரன் ஆலாங் என்பவன், முதல் நாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வாத்தியார் மாதிரி சொல்லிக் கொடுத்தான்.

"இத பாரு. அப்பா அம்மா இல்லைன்னு எழுதியிருக்கு. நல்லது. கல்யாணம் ஆகலை. நல்லது. உடனே வரத் தயாராம். ரொம்ப நல்லது. இவளைத் தேடி யாரும் வர மாட்டாங்க."

இதே நாற்காலியில் யாரோ ஒருத்தி உட்கார்ந்து தன்னுடையதையும் இப்படித்தான் படித்திருப்பாள் என்று லாம்ரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. 

ஒரு விஷயத்தை அவள் சீக்கிரமே கவனித்தாள். குடும்பத்தில் போலீஸோ ராணுவமோ இருந்தால் அந்த ஆளை அவர்கள் தொட மாட்டார்கள். ஓரத்தில் குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு. ரொம்பச் சின்னப் பெண்கள், நோயாளித் தாயை வைத்திருப்பவர்கள், எழுத்திலேயே வெகுளித்தனம் தெரிகிறவர்கள், இவர்களுக்கெல்லாம் அந்தக் கட்டத்தில் 'மாமா போலீஸ்' என்று எழுதத் தொடங்கினாள்.  நாலு மாதம் ஓடியது.

ஒரு நாள் காலை ஆலாங் அவள் மேஜைக்கு வந்து, கத்தைத் தாளைப் போட்டான். சத்தம் போடவில்லை.

"ஏன் லாம்ரியா, உங்க சுமத்ராவுல எல்லார் மாமாவும் போலீஸா? அப்ப அங்க திருடனே இருக்க மாட்டானே."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவளையும் சிரிக்கச் சொன்னான். சிரித்தாள். பிறகு மொட்டை மாடியில் மூன்று நாள் வெயிலில் நிற்க வைத்தார்கள். உட்கார்ந்தால் அடி. நாலாவது நாள் அவளை மேஜைக்குக் கொண்டுவந்தபோது, அவள் எழுத வேண்டியதை மட்டும் எழுதினாள். அதற்குப் பிறகு அவள் பொறுக்கிக் கொடுத்தவர்களில் பதினொரு பேர் வந்து சேர்ந்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். மாடிப்படியில் அவர்களைப் பார்த்தாள். அவர்களுக்கு அவளைத் தெரியாது. அவளுக்கு அவர்களுடைய பிறந்த தேதி வரை தெரியும்.

பதினாலாம் மாதம் அந்த நாட்டுப் படையினர் கட்டடத்தைச் சுற்றி வளைத்தார்கள். ஜகார்த்தாவில் விசாரணை இரண்டு நாள் நடந்தது. அங்கே என்ன வேலை என்று கேட்டதற்கு, "டைப்பிங்" என்றாள். பாதிக்கப்பட்டவர் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீடு என்றால் அண்ணன் பாருலியான் வீடு. அவன் மோட்டார் ரிக்‌ஷா ஓட்டுகிறவன். பழைய பெரிய மோட்டார்சைக்கிளின் பக்கவாட்டில் இருக்கை கட்டிய வண்டி, தெருமுனையில் வரும்போதே வீட்டுப் பாத்திரம் அதிரும். அண்ணி ரொஸ்பிதா பள்ளிக்கூட வாசலில் வாழைப்பழம் பொரித்து விற்பாள். லாம்ரியா ஏழு மாதம் அடுக்களையை விட்டு வெளியே வராமல் பழம் உரித்தாள். வேறு வண்டி எதுவும் வாசலில் நின்றால் பின்கட்டுக்குப் போய்விடுவாள். அந்தக் கட்டடத்துக்காரர்களிடம் அவள் முகவரி இருக்கிறது. அவளே எழுதிக் கொடுத்தது.

"இப்படியே இருந்தா அந்தக் கட்டடத்துல இருந்ததுக்கும் இதுக்கும் என்னடி வித்தியாசம்?" என்றாள் அண்ணி ஒரு நாள், எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணெடுக்காமல். "இங்க சோறு நல்லா இருக்கு, அவ்வளவுதான்."

அது சுருக்கென்றிருந்தது. அன்றைக்குத்தான் லாம்ரியா வேலை தேடுவது என்று முடிவு செய்தாள்.

சாப்பிடும்போது அண்ணி வழி சொன்னாள். "அந்தப் பதினாலு மாசத்துக்கு அம்மாவப் பாத்துக்கிட்டேன்னு எழுதிரு."

"அம்மா செத்து ஆறு வருஷம் ஆச்சு அண்ணி."

"அவங்க என்ன கல்லறைக்குப் போயா பாக்கப் போறாங்க?"

அண்ணனுக்குக் காப்பி புரையேறியது. அண்ணி விடவில்லை. "அப்ப ஜவுளிக்கடைன்னு போடு. என் தம்பி கடை இருக்குல்ல, கேட்டா அவன் ஆமான்னு சொல்லுவான்."

"பொய் எழுதுன எடத்துல எழுத்து வழவழன்னு இருக்கும் அண்ணி. ஆயிரம் படிச்சிருக்கேன். பாத்ததும் தெரியும்."

எங்கே ஆயிரம் படித்தாய் என்று அண்ணன் கேட்கவில்லை. அவர்களிடமும் அவள் டைப்பிங் என்றுதான் சொல்லியிருந்தாள்.

வேலைக்கு விண்ணப்பிக்கப் போலீஸின் நன்னடத்தைச் சான்று வேண்டும். மற்றவர்களுக்கு அது ஒரு காலை வேலை. லாம்ரியா மூன்று முறை நிலைய வாசல் வரை போய்த் திரும்பினாள். நாலாவது முறை அண்ணன் ரிக்‌ஷாவை வாசலிலேயே நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டான். "போ. நான் இங்கதான் இருக்கேன்."

உள்ளே இருந்த காவலர் அவள் பெயரைக் கம்ப்யூட்டரில் அடித்தார். திரையைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். பிறகு ஒன்றும் சொல்லாமல் எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். பதினொரு பெயரும் அந்தத் திரையில் வரிசையாக இருப்பதாக லாம்ரியாவுக்குத் தோன்றியது. கதவு எத்தனை காலடி தூரத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டாள். எட்டு.

காவலர் ஒரு மைப்பெட்டியுடன் திரும்பி வந்தார். "இங்க இருந்தத எவனோ எடுத்துட்டுப் போயிட்டான். கைய நீட்டும்மா. என்ன இப்படி நடுங்குது, காலைல சாப்பிடலையா?"

"இல்ல சார்."

"சாப்புட்டு வரணும். பத்து விரலும் தெளிவா விழணும்ல."

சான்று கிடைத்தது. குற்றம் எதுவும் பதிவில் இல்லை என்று அதில் இருந்தது. அதை வெளியே நின்று படித்தபோது அவளுக்கு நிம்மதி வரவில்லை. பதிவில் இல்லை, அவ்வளவுதான்.

மறுநாள் ஜெராக்ஸ் கடைக்குப் போனபோது புது சிம் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தாள். வான்யா கூப்பிட்ட பழைய எண்ணை மூடிவிட்டாள். ஹொத்மான் வழக்கமான படிவத்தைத் திறந்து வைத்தார். லாம்ரியா ஒவ்வொன்றாக அழித்தாள். பிறந்த தேதி போனது. பெற்றோர் பெயர் போனது. மதம், உயரம், எடை, வீட்டு முகவரி எல்லாம் போயின. 'சியாந்தார்' என்று ஊர் மட்டும் நின்றது.

"கல்யாணம் ஆச்சா இல்லையான்னாவது போடும்மா. எல்லாரும் போடுறாங்க."

"டின் எண்றதுக்கு அது எதுக்கு அமாங்?"

"சரி. இந்த வரியாவது இருக்கட்டும். கடின உழைப்பாளி, நேர்மையானவர், எல்லாரோடயும் ஒத்துப்போறவர். நானே யோசிச்சு எழுதினது, நூறு பேருக்குப் போட்டிருக்கேன்."

"அதான் வேணாங்கறேன். நூறு பேருல நூத்திஒண்ணு ஆயிரும். படிக்கிறவங்க கண்ணு அதுல நிக்காது."

ஹொத்மானின் முகம் கோணியது. ஆனால் அவள் பதிலுக்கு அடித்ததை அவர் பின்னால் நின்று படித்தார். ஒரு நாளைக்கு நாற்பது லாரிக்குச் சரக்கு ஏற்றி அனுப்பியது. பழைய சரக்கு முதலில் போகும்படி அடுக்குகளை மாற்றி அமைத்தது. அதன் பிறகு கெட்டுப்போன டின் மாதம் முப்பதிலிருந்து நாலாகக் குறைந்தது. அந்தக் கிடங்கில் உடன் வேலை பார்த்த மேலாளரின் பெயர், கேட்டுத் தெரிந்துகொள்ள அவர் எண், அவரிடம் முன்பே அனுமதி வாங்கியது. ஒரே பக்கம்.

"இப்படி எழுதலாம்னு யார் சொல்லிக் குடுத்தா?" என்றார் ஹொத்மான்.

லாம்ரியா அடுத்த வரிக்குப் போனாள். மோசமான ஒரு பள்ளிக்கூடத்தில் படித்தது என்று சொல்ல முடியுமா?

இடைவெளி மட்டும் பாக்கி. ஆண்டுகளை மட்டும் எழுதி மாதங்களை மறைக்கலாம். கூட்டிப் பார்க்கிறவள் கண்டுபிடித்துவிடுவாள், அவளே கண்டுபிடித்திருக்கிறாள். நிறைய நேரம் யோசித்து ஒரு வரி அடித்தாள். 'இந்தப் பதினான்கு மாதம் வெளிநாட்டில் இருந்தேன். நேரில் சொல்கிறேன்.' அடித்த பிறகு தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

ஏழு பிரதி எடுத்தாள். ஒவ்வொன்றின் தலைப்பிலும் அது எந்தக் கம்பெனிக்கு, எந்த வேலைக்கு என்று தனித்தனியாக அடித்திருந்தாள். அப்படி எழுதினால் படிக்கிறவர்களுக்கு மரியாதையாக இருக்கும் என்று ஹொத்மான் மெச்சினார். அவள் செய்தது அதற்காக மட்டுமில்லை. எந்தப் பிரதியாவது கை மாறிப் போனால் எங்கிருந்து போனது என்று தெரிய வேண்டும்.

கொடுக்கப் போவதற்கு முன் ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே சாயங்காலம் ஐந்து மணிக்கு நின்று பார்த்தாள். வேலைக்காரர்கள் வெளியே வருகிறார்களா, வீட்டுக்குப் போகிறார்களா. வந்தார்கள். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டு போனார்கள். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் உறையைக் காவலாளி கையில் கொடுத்தாள்.

ஆறாம் நாள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஆண் குரல்.

"லாம்ரியாதான? மருந்துக் கிடங்குலேர்ந்து பேசறோம். மேதான் ரோட்டுல. வியாழக்கிழமை பத்து மணிக்கு வாங்க."

மருந்துக் கிடங்கு எதற்கும் அவள் விண்ணப்பிக்கவில்லை. கையில் இருந்த பழம் தரையில் விழுந்தது.

"உங்க கைல இருக்கற பேப்பர்ல, மேல எந்தக் கம்பெனி பேரு இருக்கு?"

"மேலயா? இருங்க. பிஸ்கட் கம்பெனின்னு இருக்கு. அவங்ககிட்ட ஆள் இருந்தா சொல்லுங்கன்னு கேட்டோம், இத அனுப்புனாங்க. ஏன், வர மாட்டீங்களா?"

"சொல்றேன்" என்று வைத்துவிட்டாள். அண்ணனைக் கூட்டிக்கொண்டு அன்றே பிஸ்கட் கம்பெனிக்குப் போய்க் கேட்டாள். ஆமாம், நாங்கள்தான் கொடுத்தோம், கிடங்குச் சொந்தக்கார அம்மா எங்களுக்கு இருபது வருஷப் பழக்கம் என்றார்கள். மருந்துக் கிடங்கின் எதிரிலும் போய் ஐந்து மணிக்கு நின்றாள். பதினெட்டுப் பேர் வெளியே வந்தார்கள். இருந்தும் புதன்கிழமை முழுவதும் அவளால் சோறு இறக்க முடியவில்லை.

வியாழக்கிழமை அண்ணன் ரிக்‌ஷாவில் கொண்டுபோய்விட்டான். கிடங்கைச் சுற்றி உயரமான மதில். பெரிய இரும்புக் கதவு. லாம்ரியா உள்ளே பத்தடி நடந்திருப்பாள். காவலாளி ஏதோ பொத்தானை அழுத்த, பின்னால் கதவு கறகறவென்று தானாக மூடத் தொடங்கியது. அந்தச் சத்தம் கேட்டதும் அவள் யோசிக்கவே இல்லை. திரும்பி ஓடினாள். மூடிக்கொண்டிருந்த இடுக்கில் உடம்பை நுழைத்து வெளியே வந்து ரிக்‌ஷாவில் விழுந்தாள். சட்டை கிழிந்திருந்தது.

"வண்டிய எடு அண்ணே. எடு, எடு."

அண்ணன் சாவியைத் திருகுவதற்குள் சின்னக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். அறுபது வயதிருக்கும். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள். கையில் அந்த ஒற்றைத் தாள். கிடங்கின் சொந்தக்காரி. இபு என்றால் அங்கே அம்மா; இபு மெய்லான் என்று எல்லோரும் கூப்பிடுவார்கள்.

"ஏம்மா, நாங்க என்ன உன்னக் கடிச்சோமா?"

"மன்னிச்சிருங்க இபு. கதவு மூடுச்சு."

"மூடாம? உள்ள இருக்கறது மருந்து. திருட்டுப் பசங்க ரெண்டு தடவ வந்துட்டுப் போயிட்டாங்க. உனக்காகத் தொறந்து வைக்க முடியாது."

லாம்ரியா தலையை ஆட்டினாள். மெய்லான் அவளையும், கிழிந்த சட்டையையும், கையிலிருந்த தாளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நேர்ல சொல்றேன்னு எழுதியிருக்க. இதான் நேர். சொல்லு."

தெருவிலேயே, ரிக்‌ஷாவில் உட்கார்ந்தபடியே லாம்ரியா சொன்னாள். வான்யாவின் குரல், ஆறு, கட்டடம், மேஜை. 'மாமா போலீஸ்', மொட்டை மாடி வெயில் வரை சொன்னாள். லாரிகள் போகும்போது நிறுத்தி, போனதும் தொடர்ந்தாள். முடிந்ததும் மெய்லான் ஒரு கேள்வி கேட்டாள்.

"வெயில்ல நிக்க வச்சதுக்கு அப்புறம், நீ பொறுக்கிக் குடுத்து எத்தன பேர் போனாங்க?"

இதை இதுவரை யாரும் கேட்டதில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

"பதினொண்ணு" என்றாள் லாம்ரியா. "எனக்குத் தெரிஞ்சு."

அண்ணன் தலையைத் திருப்பவில்லை. சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்து வண்டியின் கைப்பிடியைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"இன்னிக்கு என்னால பதில் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு மெய்லான் உள்ளே போனாள்.

பாதி வழியில் அண்ணன் சாலையோரம் வண்டியை நிறுத்தினான்.

"போலீஸ்கிட்ட இத சொன்னியா?"

"இல்ல."

"சொல்லணும் லாம்ரியா. அவங்க வீட்டுலயும் யாராவது தேடிக்கிட்டு இருப்பாங்கல்ல. நீ வராதப்ப நான் தேடுனேன்ல."

"என்னப் புடிச்சு உள்ள வச்சிட்டா?"

"நான் கூட வரேன்" என்றான்.

அடுத்த திங்கட்கிழமை இருவரும் மாகாணத் தலைநகரான மேதான் போனார்கள். ஆள் கடத்தலைப் பார்க்கும் பிரிவில் ஒரு பெண் அதிகாரி எதிரே உட்கார்ந்து லாம்ரியா பதினொரு பெயரையும் சொன்னாள். ஊர், பிறந்த தேதி, படித்த பள்ளி என்று அவள் சொல்லச் சொல்ல அதிகாரியின் பேனா ஓட முடியாமல் நின்றது. "இதெல்லாம் எழுதி வச்சிருந்தீங்களா?" என்று கேட்டார். இல்லை, மறக்க முடியவில்லை என்றாள். வழக்கில் அவள் சாட்சியா குற்றவாளியா என்பதை இப்போது சொல்ல முடியாது, ஊரை விட்டுப் போகக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். 

மெய்லானிடமிருந்து பன்னிரண்டாம் நாள் செய்தி வந்தது. மூன்று மாதம் பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் இரண்டு பேரும் முகம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம். வேலையில் சேர்ந்த முதல் வாரம் லாம்ரியா மதியச் சோற்றைக் காவலாளிக் கூண்டுக்கு வெளியே, தெருவில் உட்கார்ந்து சாப்பிட்டாள். காவலாளி முணுமுணுத்துக்கொண்டே அவளுக்காகச் சின்னக் கதவைத் திறந்து மூடினார். மூன்றாம் வாரம் சின்னக் கதவின் ரகசிய எண்ணை மெய்லான் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்து, "மனப்பாடம் பண்ணிட்டுக் கிழிச்சிரு" என்றாள். அதற்குப் பிறகு லாம்ரியா உள்ளே சாப்பிட்டாள். சில நாள், எல்லா நாளும் இல்லை.

ஒரு முறை சரக்கு ஏற்றும் ஆட்களுக்கான விண்ணப்பங்கள் வந்து குவிந்தபோது, பிரித்துக் கொடு என்று மெய்லான் கட்டோடு அவள் மேஜையில் வைத்தாள். லாம்ரியா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேற எந்த வேலையும் செய்யறேன் இபு. இது மட்டும் வேணாம்." மெய்லான் எரிச்சலோடு கட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

ஐந்தாம் மாதம் அதிகாரி கூப்பிட்டார். பதினொரு பேரில் ஏழு பேர் ஊர் திரும்பிவிட்டார்கள். நாலு பேரைப் பற்றித் தகவல் இல்லை. அவள் சொன்ன விவரத்தை வைத்து, அந்த நாலு பேர் வீட்டுக்கும் போலீஸ் போய் வந்திருக்கிறது. லாம்ரியாவைச் சாட்சியாகச் சேர்த்திருக்கிறார்கள். வான்யா என்ற பெயரில் பேசிய பெண் பிடிபட்டிருக்கிறாள். அடுத்த வாரம் அவள் குரலைக் கேட்டு அடையாளம் சொல்ல வேண்டும். திரும்பி வந்த ஏழு பேரில் இருவர் அன்று வருவார்கள்.

லாம்ரியா சரக்கு மேடையில் நின்றபடியே கேட்டாள். போனை வைத்துவிட்டு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். அந்த இருவரிடம் என்ன சொல்வது? அவர்கள் என்ன கேட்பார்கள்?

மெய்லானிடம் போய் விடுப்புக் கேட்டாள். மெய்லான் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தாள்.

"தனியாவா போற?"

"அண்ணன் வருது இபு."

"சரி, போயிட்டு வா. வெள்ளிக்கிழமை மூணு லாரி இருக்கு. அதுக்குள்ள வந்துரு."